லைக்கா என்று விற்ற கேமரா

ஒரு பொருளைப் பற்றித் தெரியாமல் தவறாகச் சொல்லி விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தெரிந்தே பொய் சொல்லி விற்றவர் தண்டனை பெற வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் தகராறு என்று வந்துவிட்டால் அந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. பணம் கொடுத்தவர் நேரே காவல் நிலையத்துக்குப் போய் மோசடி என்று எழுதிக் கொடுக்கிறார். எதிரில் இருப்பவர் சின்ன ஊர் வியாபாரியாக இருந்தால், வழக்கு முடிவதற்கு முன்பே அவர் தொழில் முடிந்துவிடும். ஆரணியில் பழைய கேமராக்கள் விற்கும் ஒருவருக்காக நான் நடத்திய வழக்கை எழுதுவதற்குக் காரணம் இதுதான். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் குடும்பம் பட்டுக் குடும்பம். ஆரணியைச் சுற்றி சேவூர், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, முனுகப்பட்டு, தேவிகாபுரம் என்று தறியை நம்பிப் பிழைக்கும் ஊர்கள். அவருடைய அப்பா தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் சரிகையும் கொடுத்து, சேலையாக வாங்கி, கூலி தரும் சிறு உற்பத்தியாளர். மகன் தறிப்பக்கம் போகவில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் டார்க்ரூம் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாண மாதங்களில் இரவெல்லாம் சிவப்பு விளக்கடியில் பிரிண்ட் போட்டு, ஹைப்போவில் கை ஊறி, விடியும்போது தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டவர். ஒரு 120 ரோலில் பன்னிரண்டு படம்தான். அந்தப் பன்னிரண்டில் ஒன்று வீணானாலும் முதலாளி முகம் மாறும். கேமராவின் மேல் அவருக்கு வந்த மரியாதை அங்கே தொடங்கியது.

டிஜிட்டல் வந்தபோது வேலூர், ஆற்காடு, போளூர், செய்யாறு என்று எல்லா ஊர் ஸ்டுடியோக்களும் ஃபிலிம் கேமராக்களை ஒதுக்கின. பலர் என்லார்ஜரைப் பழைய இரும்புக்கே போட்டார்கள். இவர் அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார். வடோதராவில் தயாரான அக்ஃபா கிளிக் 3, யாஷிகா மேட் 124ஜி, ரோலிகார்ட், ரஷ்ய ஜெனித், பென்டாக்ஸ் கே1000, நிகான் எஃப்எம்2 என்று வீட்டின் முன்னறை நிரம்பியது. ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிம் டப்பாக்கள்கூட, பிரிக்கப்படாமல், அவரிடம் இருந்தன. முதலில் வாங்கியவர்கள் சினிமாவுக்குக் கலைப்பொருள் சேகரிப்பவர்கள். பிறகு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இருபது வயதுப் பிள்ளைகள் போனில் படம் பார்த்துவிட்டு, ஃபிலிமில் எடுத்துப் பழக வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அப்படித்தான் அது தொழிலானது.

பழைய கேமரா வியாபாரம் வெளியிலிருந்து பார்ப்பதுபோல் எளிதல்ல. நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் லென்ஸுக்குள் பூசணம் படரும். முதலில் நூல் நூலாக மெல்லியதாகத் தெரியும். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே தின்றுவிடும். அதற்காக இரும்பு பீரோவுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைப்பார். நீண்ட நாள் ஓடாத ஷட்டரில் எண்ணெய் இறுகிப்போய், ஒரு நொடி என்று வைத்தால் மூன்று நொடி திறந்து நிற்கும். பழைய செலீனியம் மீட்டர் உயிரை விட்டிருக்கும். பாதரச பேட்டரிக்காகச் செய்த மீட்டருக்கு இன்று அந்த பேட்டரியே கிடைக்காது. வேறொன்றைப் போட்டால் அளவு தப்பாகக் காட்டும். பின்கதவு ஓரத்துப் பஞ்சு கரைந்து, வெளிச்சம் உள்ளே கசியும். இதையெல்லாம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் நாணயமாக விற்க முடியும். அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கேமராவுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன ஓடுகிறது, என்ன ஓடவில்லை என்று எழுதி வைத்திருந்தார்.

அந்த நோட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டு உற்பத்தியாளர் வீட்டில் கணக்கு என்பது எடைக் கணக்கு. இந்தத் தறிக்கு இத்தனை கிராம் பட்டு, இத்தனை சரிகை, சேலையாகத் திரும்பி வந்தபோது எடை இவ்வளவு, கூலி இவ்வளவு, முன்பணத்தில் கழித்தது இவ்வளவு என்று எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் சரிகை எங்கே போனது என்பதே தெரியாது. அப்பா அப்படி எழுதியதைப் பார்த்து வளர்ந்த மகன், கேமரா வாங்கும்போதும் அதே வரிசையில் எழுதினார்: தேதி, யாரிடம் வாங்கியது, என்ன சொல்லித் தந்தார்கள், கொடுத்த பணம், விற்றவர் கையெழுத்து. திருட்டுப் பொருள் வாங்கிய குற்றத்தில் பழைய பொருள் வியாபாரிகள் சிக்குவது சாதாரணம் என்பதால், அடையாள அட்டை நகலும் ஒட்டி வைப்பார். வழக்கறிஞர் யாரும் சொல்லிக் கொடுத்து அவர் இதைச் செய்யவில்லை.

இந்தத் தொழிலில் சட்டம் குறுக்கிடும் இடங்கள் வெளியே தெரியாமல் பல இருக்கின்றன. மரத்தில் செய்த தட்டுக் கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. அது நூறாண்டைத் தாண்டியதாக இருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தை எடுத்துப் படிக்க வேண்டும். கடந்த காலத்தின் அறிவியலையும் கைவினையையும் காட்டும் பொருளும் அதன் வரையறைக்குள் வரக்கூடும். வந்தால் அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஜி.எஸ்.டி.யிலும் ஒரு கண்ணி உண்டு. ஆரணியிலிருந்து சென்னைக்கு அனுப்பினால் ஆண்டு விற்றுமுதல் வரம்பைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரே ஒரு கேமரா அனுப்பினாலும் மாநிலம் தாண்டிய விற்பனை என்பதால் பதிவு கட்டாயம். பதிவு செய்தவர் பழைய பொருளுக்கு முழு விலை மீதும் வரி கட்டத் தேவையில்லை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள லாபத்தின் மீது கட்டினால் போதும் என்று விதி 32(5) சொல்கிறது. சிறு வியாபாரிகள் பலருக்கு இந்தச் சலுகை எட்டுவதே இல்லை. இவர் இரண்டாவதாக என்னைப் பார்க்க வந்தது இதற்காகத்தான்.

முதலில் வந்தது லைக்காவுக்காக.

வேலூர்ப் பக்கம் மூடிய ஒரு ஸ்டுடியோவின் வாரிசுகள் சாமான்களை விற்றபோது, அவற்றில் ஒரு சிறிய கறுப்புக் கேமரா இருந்தது. மேல்தகட்டில் லைக்கா என்ற எழுத்து, எர்ன்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லார் என்ற பெயர், ஒரு வரிசை எண். வெளிநாட்டில் வேலை பார்த்த உறவினர் கொண்டுவந்த ஜெர்மன் கேமரா என்று வாரிசு சொன்னார். 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். நோட்டில் 'லைக்கா, ஜெர்மனி என்று சொன்னது' என்று எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். லைக்கா அவர் கைக்கு வந்தது அதுவே முதல் தடவை. நம் ஊர் ஸ்டுடியோக்களில் யாஷிகாவும் மாமியாவும்தான் புழங்கின.

சில வாரங்களில் மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டார். அவர் சேகரிப்பாளர், வீட்டில் பத்து இருபது கேமரா வைத்திருப்பவர். 46,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள். ரசீதில் இவர் எழுதியது இது: லைக்கா II, எல்மார் 50 மி.மீ. லென்ஸுடன். பழையது. ஷட்டர் திரை ஓட்டையில்லை. லென்ஸில் லேசான கீறல் உண்டு. உள்ளே திறந்து பார்க்கவில்லை. அடியில், அச்சடித்த வரி: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

நான்கு மாதம் கழித்து வாங்கியவர் அதை பெங்களூரில் ஒருவரிடம் மாற்றிக்கொள்ளக் கொண்டுபோனார். அவர் லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, இது லைக்கா இல்லை, ரஷ்யக் கேமரா என்றார்.

இதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வெட்ஸ்லாரில் லைட்ஸ் நிறுவனம் 1925-இல் வெளியிட்ட லைக்கா, சினிமா ஃபிலிமைக் கொண்டு சின்னக் கேமராவில் படம் எடுக்கலாம் என்று காட்டியது. 1932-இல் வந்த லைக்கா II, தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரை உடம்பிலேயே கொண்டது. அதைப் பார்த்து அப்படியே சோவியத் ஒன்றியத்தில், கார்கிவ் நகரில், 1934 முதல் 'ஃபெட்' என்ற கேமராவைச் செய்தார்கள். போருக்குப் பிறகு 1948-இல் மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்கில் 'ஸோர்க்கி' வந்தது. இவை ஏமாற்றுப் பொருள்கள் அல்ல; அவற்றின் பெயரிலேயே விற்ற, நன்றாக உழைத்த கேமராக்கள். பல பத்தாண்டுகள் கழித்து, லைக்காவின் விலை ஏறிய பிறகு, யாரோ சிலர் இந்த ரஷ்யக் கேமராக்களின் மேல்தகட்டில் இருந்த எழுத்தை அழித்து, லைக்கா என்று வெட்டி, உலகச் சந்தையில் விட்டார்கள். தங்க நிறம் பூசி, ஜெர்மன் விமானப்படை முத்திரை போட்டவைகூட உண்டு. அவற்றில் ஒன்று எத்தனையோ கை மாறி வேலூர் வந்து, ஆரணி வந்து, என் கட்சிக்காரர் தலையில் விழுந்தது.

வாங்கியவர் தொலைபேசியில் சத்தம் போட்ட அன்றே இவர் பதில் அனுப்பினார். "சார், எனக்குத் தெரியாது. கேமராவை அனுப்புங்க, பணத்தை முழுசா தந்துடறேன். கூரியர் செலவும் என்னுது." அந்தச் செய்தி போனில் இருந்தது. அவர் ஏற்கவில்லை. அசல் லைக்கா என்றால் இன்று என்ன விலையோ அதைத் தர வேண்டும், அலைச்சலுக்கும் அவமானத்துக்கும் சேர்த்து மூன்று லட்சம் தர வேண்டும் என்றார். பிறகு தன் ஊர்க் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் தாக்கல் செய்தார். போலிக் கேமராக்களை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர் என்று இரண்டிலும் எழுதியிருந்தது.

என் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்ன முதல் வார்த்தையை மறக்க முடியாது. "பணம் போனா போகட்டுங்க சார். ஏமாத்தறதே தொழில்னு எழுதியிருக்காரே, அது மட்டும் நிக்கக் கூடாது." அப்பாவிடம் சேலை வாங்கும் கடைக்காரர்கள் காதுக்கு இது போனால் என்ன ஆகும் என்பதே அவர் கவலை. ஒரு வீட்டின் மேல் வந்த சொல் அந்த வீட்டின் எல்லாத் தொழிலையும் பிடிக்கும். வழக்கை எப்படி நடத்துவது என்பதை அந்த ஒரு வாக்கியமே தீர்மானித்தது. பணத்துக்காகப் போராட வேண்டியதில்லை. நாணயத்துக்காகப் போராட வேண்டும்.

காவல் நிலையப் பகுதி சீக்கிரம் முடிந்தது. சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டு விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். வணிகத் தகராறு போன்றவற்றில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் சொல்லியிருக்கிறது. ஏமாற்றும் குற்றத்துக்கு, பேச்சு நடந்த தொடக்கத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-இல் சொல்லியிருக்கிறது. அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 420. இப்போது அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). ஆனால் அந்த அதிகாரியின் முன் தீர்ப்புகளைவிட நோட்டுதான் பேசியது. போலி என்று தெரிந்தவர் 38,000 கொடுத்து வாங்குவாரா? ஸோர்க்கி என்று தெரிந்திருந்தால் அதில் கால்பங்குகூடக் கொடுத்திருக்க மாட்டார். வாங்கிய விலையைக் காட்டும் கையெழுத்துப் பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். உரிமையியல் தன்மையுள்ள தகராறு என்று மனுவை முடித்துவைத்தார்கள்.

ஆணையத்தில்தான் உண்மையான வழக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். அதனால் ஆரணிக்காரர் நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று. பதிலுரைக்கு 30 நாள். ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அறுதியிட்டுவிட்டது. ஊர் வியாபாரிகள் பலர் நோட்டீஸை மேசை டிராயரில் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். அதற்குள் எதிர்தரப்பு இல்லாமலே வழக்கு நடந்துகொண்டிருக்கும். இவர் நோட்டீஸ் வந்த வாரமே வந்தார்.

கேமரா போலிதானா என்று நாங்களே பார்க்க வேண்டியிருந்தது. அது புகார்தாரரிடம் இருந்தது. பொருளில் குறை இருந்தால் உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்கிறது சட்டத்தின் 38-வது பிரிவு. எண்ணெய், உரம், சிமெண்ட் என்றால் ஆய்வகம் உண்டு. லைக்காவுக்கு எந்த ஆய்வகம்? கடைசியில் சென்னையில் நாற்பது ஆண்டாகக் கேமரா பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கை இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். ஆணையத்தின் முன்னிலையிலேயே அவர் பார்க்கட்டும் என்று அனுமதி கேட்டோம்.

அன்றைய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, லென்ஸைத் திருகிக் கழற்றி, டார்ச் அடித்து, உடம்பின் உள்ளே மேல்பக்கத்தைக் காட்டினார் மெக்கானிக். ரேஞ்ச்ஃபைண்டரின் நெம்புகோல் அங்கே வந்து லென்ஸின் பின்விளிம்பைத் தொடும். அசல் லைக்காவில் அந்த நுனியில் உருண்டு ஓடும் சின்னச் சக்கரம் இருக்கும். ரஷ்யக் கேமராவில் சக்கரம் கிடையாது. ஆப்பு வடிவத்தில் உலோகத் துண்டு மட்டும் இருக்கும். இதில் இருந்தது ஆப்பு. பிறகு லென்ஸை எடுத்தார். எல்மாரில் ஒளித்திறப்பின் இதழ்கள் முதல் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருக்கும். ரஷ்ய இண்டஸ்டாரில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால். வளையத்தைத் திருகித் திருகிக் காட்டினார். இதழ்கள் ஆழத்தில்தான் மூடித் திறந்தன. எல்மார் என்று எழுதியிருந்த அந்த லென்ஸும் எல்மார் இல்லை. உறுப்பினர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு குனிந்து பார்த்தார். "வெளியில் பார்த்தால் தெரியுமா?" என்று கேட்டார். "பழகினவங்களுக்குச் சந்தேகம் வரும். உறுதி பண்ண உள்ளே பார்த்தாகணும்" என்றார் மெக்கானிக். அந்த ஒரு பதிலைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

என் கட்சிக்காரர் என் பக்கத்தில் நின்று அதையெல்லாம் உன்னிப்பாகப் பார்த்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "எங்க ஊர்ல நூலைப் பிரிச்சுக் கொளுத்திப் பார்ப்போம் சார். முடி கருகின வாசனை வந்தா பட்டு. இதுக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அதன் பிறகு தாக்கல் செய்த பிரமாண வாக்குமூலத்தில் முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டோம்: கேமரா லைக்கா அல்ல. மறுக்க முடிந்ததை எல்லாம் மறுக்க வேண்டும் என்று பதிலுரை எழுதும் பழக்கம் நம் தொழிலில் ஊறியது. இந்த வழக்கில் அது தற்கொலையாகியிருக்கும். பொருளைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொண்டால்தான், எண்ணத்தைப் பற்றி ஒருவர் சொல்வதையும் நம்புவார்கள்.

சட்ட வாதங்களை எல்லாம் விரிக்கத் தேவையில்லை. மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று ஒன்று வைத்தேன். தன் சேகரிப்பில் ஒன்றை மாற்றிக்கொள்வது வியாபாரம் ஆகாது என்று ஆணையம் ஒதுக்கியது. இன்னொன்று இங்கிலாந்து வழக்கு. ஹார்லிங்டன் வழக்கில், காப்ரியேல் மூண்டர் வரைந்ததாக விற்ற ஓவியம் போலி என்று தெரிந்தது. விற்றவர் அந்த ஓவியரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தார். வாங்கியவர்கள் ஜெர்மன் ஓவியங்களில் தேர்ந்த வணிகர்கள். விற்றவர் வார்த்தையை நம்பி அவர்கள் வாங்கவில்லை, ஆகவே இது வர்ணனையின் பேரில் நடந்த விற்பனையே அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எங்கள் புகார்தாரரும் சேகரிப்பாளர், ரசீதில் 'உள்ளே திறந்து பார்க்கவில்லை' என்றும் இருக்கிறது என்றேன். 1950-இன் லீஃப் வழக்கையும் காட்டினேன். கான்ஸ்டபிள் வரைந்தது என்று 1944-இல் 85 பவுண்டுக்கு வாங்கிய படம் வேறொருவருடையது என்று, ஐந்தாண்டு கழித்து விற்கப் போனபோதுதான் தெரிந்தது. அவ்வளவு காலம் கழித்து விற்பனையை ரத்து செய்ய முடியாது என்றது நீதிமன்றம்.

எதிர்தரப்பு வழக்கறிஞர் இளையவர், நன்றாக வாதாடினார். ஐந்தாண்டு எங்கே, நான்கு மாதம் எங்கே என்றார். திறந்து பார்க்கவில்லை என்று எழுதினால் உள்ளே பழுது இருக்கலாம் என்றுதான் வாங்குபவர் நினைப்பார், கேமராவே வேறு என்று யார் நினைப்பார் என்றார். 46,000 ரூபாயில் பெரும்பகுதி லைக்கா என்ற பெயருக்கான விலை என்றார். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு அவர் பக்கம்: வர்ணனையின் பேரில் விற்றால், பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். விற்றவர் நல்லவரா கெட்டவரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அதுவே அதன் நியாயம். பழைய பொருள் வாங்குகிறவருக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும்.

நான் முழு பலத்தையும் வைத்தது வேறு இடத்தில். நியாயமற்ற வணிக நடைமுறை எது என்று 2019 சட்டத்தின் 2(47) பட்டியலிடுகிறது. அதில் ஒன்று: குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது. இந்தப் பிரிவுக்குப் பிறகு, கடைகளில் தொங்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகைக்குக் குறையுள்ள பொருள் விஷயத்தில் மதிப்பில்லை. என் கட்சிக்காரர் ரசீதிலும் அந்த வரி இருந்தது உண்மை. ஆனால் அவர் அதன் பின்னால் ஒளியவில்லை. புகார் வந்த அன்றே பணம் தருகிறேன் என்று எழுதினார். ஏமாற்றுபவர் செய்யும் காரியமா அது? போனில் இருந்த செய்தி, நோட்டில் இருந்த 38,000, எட்டாயிரம் ரூபாய் லாபம், வாரிசின் கையெழுத்து, 'வெளியில் பார்த்து உறுதி செய்ய முடியாது' என்ற பொருளில் மெக்கானிக் சொன்ன பதில் ஆகியவற்றை வரிசையாக வைத்தேன். இவர் போலி விற்பதைத் தொழிலாகக் கொண்டவர் என்பதற்கு வேறு ஒரே ஒரு கேமராவையாவது காட்டுங்கள் என்று கேட்டேன். காட்ட எதுவும் இல்லை.

உத்தரவு வந்தது. 46,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்; புகார்தாரர் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே பணம் தர முன்வந்ததால் வட்டியும் செலவும் இல்லை. மூன்று லட்சம் கோரிக்கை தள்ளுபடி. எதிர்மனுதாரர் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டார், அவர் தெரிந்து தவறான தகவல் தந்ததாக நிரூபிக்கப்படவில்லை, நியாயமற்ற வணிக நடைமுறை எதுவும் இல்லை. கோப்பில் இது எங்களுக்குத் தோல்வி என்றுதான் பதிவாகும். பணம் கட்டச் சொன்ன உத்தரவு அல்லவா. ஆனால் என் கட்சிக்காரர் மூன்றாவது பக்கத்தில் இருந்த அந்தப் பத்தியை நகல் எடுத்துத் தரச் சொன்னார். மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு என்று சொன்னேன். தேவையில்லை என்று மறுநாளே பணத்தைக் கட்டினார்.

அதன் பிறகு அவர் செய்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. லைக்கா என்று சொல்லித் தனக்கு விற்ற வாரிசுகள் மீது வழக்குப் போட அவருக்கு உரிமை இருந்தது. தவறான தகவலால் ஏற்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம்; காலவரம்பும் தாண்டவில்லை. நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்டேன். "அவங்களுக்கும் தெரியாதுங்க சார். அந்தம்மா புருஷன் சாமானை வித்துப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினாங்க" என்றார். நேரில் போனார். ஆணையத்தின் உத்தரவைக் காட்டி, நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று நான் சொல்லவில்லை, முடிந்ததைக் கொடுங்கள் என்றார். அவர்கள் தவணையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். தனக்கு எந்த நியாயத்தை ஆணையத்தில் கேட்டாரோ அதே நியாயத்தை அவர்களுக்கும் கொடுத்தார். வழக்கு நடத்திய இத்தனை ஆண்டுகளில் இப்படிச் செய்த கட்சிக்காரர்கள் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

கேமரா அவரிடமே திரும்பி வந்தது. எழுத்தை அழித்துவிடலாமா என்று கேட்டார்; தொடாதீர்கள் என்றேன். மாற்றி வெட்டிய எழுத்தோடு, 'ரஷ்யத் தயாரிப்பு, லைக்கா என்று போலியாகப் பொறித்தது' என்று ரசீதில் தெளிவாக எழுதி, அதற்குரிய குறைந்த விலைக்கு விற்கலாம். வாங்குபவரும் ரசீதோடு சேர்த்தே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தோம். ஒரு திரைப்படக் கல்லூரி மாணவர் அப்படியே வாங்கிப் போனார்.

புதிய ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போது என்னிடம் வாசகம் கேட்டார். திரும்பப் பெற மாட்டோம் என்ற வரியை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் மூன்று கட்டங்கள் வந்தன: நான் சோதித்துப் பார்த்தது, எனக்கு விற்றவர் சொன்னது, நான் சோதிக்காதது. தயாரிப்பாளர் பெயர் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை வாங்குபவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். அடியில்: சொன்னதற்கு மாறாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம், முழுப் பணமும் கிடைக்கும். வரிசை எண் உள்ள கேமரா எதுவாக இருந்தாலும் லென்ஸைக் கழற்றி உள்ளே படம் எடுத்து, அந்தப் படத்தை ரசீதோடு இணைத்து அனுப்புகிறார். பெங்களூருக்கு அனுப்புவதற்காக ஜி.எஸ்.டி. பதிவும் எடுத்துவிட்டார்.